சிவப்புச் சோறு

என் மனைவிக்குப் பொய் சொல்லவே வராது. சொன்னால் காது சிவந்துவிடும், கையில் எது இருந்தாலும் அதைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொய்யை மட்டும் இருபது வருஷத்துக்கு மேல் அலுங்காமல் குலுங்காமல் காப்பாற்றி வந்தாள். அதற்குக் கடைசியில் விமான டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று.

எங்கள் மகளுக்கு மசக்கை. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடும். சாதம் கொதிக்கிற வாசனை வந்தால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. டாக்டர், எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அம்மா, நாம அங்க இருந்தப்ப செஞ்சு குடுப்பியே, சிவப்புச் சோறு. அது கெடச்சா சாப்பிட்டுருவேன்."

'அங்கே' என்றால் நாங்கள் முன்பு பிழைக்கப் போயிருந்த வெளிநாடு. மகள் நாலு வயதுவரை அங்கேதான் வளர்ந்தாள். அந்த ஊரில் அவளுக்கு நினைவிருப்பது அந்தச் சோறு மட்டும்தான். பள்ளிக்கூடம் போன காலத்திலேயே ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டாள். நீதானே செய்வாய் என்று கேட்டாள். என் மனைவி ஒரு கணம் திகைத்துப் போய், பிறகு ஆமாம், நான்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டாள். செய்து கொடு என்று பிள்ளை காலைக் கட்டிக்கொண்டதும், அந்த ஊர் அரிசியில்தான் அது வரும், இந்த அரிசிக்கு வராது என்று ஒரு ஒட்டுப் போட்டாள். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

இப்போது மசக்கைக்காரிக்காகத் தக்காளிச் சோறு, பீட்ரூட் சோறு, கேரட்டைத் துருவிப் போட்டு ஒரு சோறு என்று வீட்டில் சிவப்பாக இருக்கிற எல்லாவற்றையும் அரிசியோடு கலந்து பார்த்தாள். மிளகாய்ப் பழத்தை மட்டும்தான் விட்டுவைத்தாள். மகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். இது இல்லையாம். அது இனிக்குமாம், லேசாகப் புளிக்குமாம், நடுநடுவே கரகரவென்று ஏதோ பல்லில் கடிபடுமாம். 

அந்தச் சமயம் பார்த்து என் பழைய சிநேகிதனிடமிருந்து அவன் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. அங்கே என்னோடு அச்சகத்தில் வேலை பார்த்தவன், கல்யாணமும் அங்கேதான். உள்ளூரில் பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கே முழங்கால் வலி என்று சொல்லி என்னை மட்டும் அனுப்புகிறவள், இதற்கு எனக்கு முன்னால் பெட்டியைக் கட்டிவிட்டாள். மகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பந்தியம்மா வந்து தங்கினார். கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்து, அந்த அரிசியை மறக்காமல் வாங்கிக்கொண்டு வா அம்மா என்றாள். என் மனைவி கைப்பையின் பிடியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

அந்தச் சோற்றை என் மனைவி தன் வாழ்நாளில் ஒருதடவைகூடச் செய்ததில்லை. செய்தவர் கீழ்வீட்டு அக்கா.

அந்த ஊரில் நாங்கள் மாடியில் இரண்டு அறையில் குடியிருந்தோம். எனக்கு அச்சகத்தில் பைண்டிங் பிரிவு. அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க நீராவியில் நின்று படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிப்பார்கள். அவள் முழங்கையில் இஸ்திரி யந்திரம் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. விடியுமுன்னே வேலைக்குப் போக வேண்டும். தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு எவர்சில்வர் டப்பாவில் சோற்றையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி, கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போவாள். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வழியில் இருப்பார். நம் பாஷை பேசுகிற ஒரு மனுஷி கீழேயே இருந்தது எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தோம்.

பிள்ளை அக்காவைக் 'கீழம்மா' என்று கூப்பிட்டாள். அதற்கும் நாங்கள் சிரித்தோம். ஒருநாள் சாயங்காலம் என் மனைவி வேலை முடிந்து போய்க் கூப்பிட்டபோது, அக்கா இடுப்பில் இருந்த பிள்ளை இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டு, "மேலம்மா, நீ போ" என்றாள். அன்று ராத்திரி என் மனைவி சாப்பிடவில்லை. பெற்றவளுக்கு மாடி, வளர்த்தவளுக்குக் கீழ்த்தளம் என்று ஒரு மூன்று வயதுப் பிள்ளை பாகம் பிரித்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாமே குற்றமாகப் பட்டது. முக்கியமாக அந்த டப்பா. தினமும் அது பளபளவென்று கழுவித் துடைத்துத் திரும்பி வரும். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், சிவப்புச் சோறு, இனிச்சுது என்பாள் பிள்ளை. இவள் கட்டிக்கொடுப்பதோ அரைகுறைத் தூக்கத்தில் ஆக்கிய ஒரு தக்காளிச் சோறு. அது எந்த ஜென்மத்திலும் இனிக்காது. ஆக, நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆக்குவது குப்பைக்குப் போகிறது, பிள்ளைக்குக் கீழ்வீட்டுக்காரி தன் சோற்றைப் போட்டு வசியம் பண்ணுகிறாள் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். ஒரு வார்த்தை கேட்டுவிடேன் என்றேன். எதற்குக் கேட்க வேண்டும், கண்ணால் பார்க்கிறேனே என்றாள். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று நாங்கள் கிளம்பிய அன்று சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, அக்கா கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் படியிறங்கினோம். பெட்டிகளைத் தூக்கியவன் நான்தான். அதனால் அவளை மட்டும் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் இருவரும் அந்தத் தெருவுக்குப் போனோம். தெரு அப்படியேதான் இருந்தது. சுவர்களுக்கு மட்டும் வேறு வண்ணம் அடித்திருந்தார்கள். எங்கள் பழைய வீடு தெருக்கோடியில் கண்ணுக்குத் தெரிந்தது. என் மனைவி அந்தப் பக்கமே திரும்பவில்லை. விமானத்தில் வரும்போதே அவள் ஒரு கதை தயார் செய்திருந்தாள். அக்கா அந்தச் சோற்றைத் தினமும் வீட்டில் செய்திருக்க முடியாது, தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில்தான் வாங்கியிருக்க வேண்டும், கடையில் கேட்டால் தெரிந்துவிடும், யாரையும் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. இவ்வளவுதான் கதை. இதைச் சொல்லும்போது அவள் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனைக் கடையில் இப்போது செருப்பு விற்றார்கள். சாப்பாட்டுக் கடை பின்தெருவுக்குப் போய்விட்டதாம். அங்கே போய்ச் சிவப்பாக இருந்த சோறு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் ஒரு கவளம் எடுத்து, கண்ணை மூடி, இல்லை என்று தலையாட்டித் தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் ஏன் வீணாக்க வேண்டும், எல்லாவற்றையும் சாப்பிட்டேன். கல்லாவில் இருந்தவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார். சோறு பிடிக்கவில்லையா என்று கேட்டார். பழைய கதையில் பாதியை நான் சொன்னேன். அதற்கு அவர், தெருக்கோடி வீட்டுக் கீழ்த்தளத்து அம்மாவா, இப்பக்கூடப் பால் வாங்கிக்கொண்டு போனாரே, அவரையே கேட்டுவிடலாமே என்றார்.

என் மனைவியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அக்கா இருக்கமாட்டார், இத்தனை வருஷத்தில் போய்ச் சேர்ந்திருப்பார் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். என்னிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா இருக்கிறார் என்று கேட்டதும் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை. அதை அவளே உணர்ந்து வெட்கப்பட்டதும் எனக்குத் தெரிந்தது.

அக்கா கதவைத் திறந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். மெலிந்து போயிருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. பிறகு என் மனைவியின் முழங்கையைப் பிடித்துத் திருப்பி அந்தத் தழும்பைத் தடவினார்.

"மாடித் தங்கச்சியா? எனக்குத் தெரியும், எப்பவாச்சும் நீ என்னைத் தேடிட்டு வருவேன்னு."

தேடித்தான் வந்தோம், ஆனால் உங்களை அல்ல என்று எப்படிச் சொல்வது? உள்ளே போய் உட்கார்ந்தோம். கணவர் காலமாகிவிட்டாராம். அந்தக் கூடத்தில் ஒரு கட்டிலும் இரண்டு நாற்காலியும் ஒரு சின்னப் பிள்ளை உட்காருகிற முக்காலியும் இருந்தன. காப்பி கலந்து கொடுத்தார். என்னைத் தம்பி தம்பி என்று பழைய மாதிரியே உபசரித்தார். எங்கள்மேல் துளிக் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

நாங்கள் ஏன் அப்படிச் சொல்லாமல் போனோம் என்பதற்குக்கூடக் காரணத்தை அவரே தேடி வைத்திருந்தார். ஊரில் யாருக்கோ ஏதோ ஆகியிருக்க வேண்டும், போட்டது போட்டபடி ஓடியிருக்கிறீர்கள், யாருக்கு என்ன என்று தெரியாமல் அப்புறம் ரொம்ப நாள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது என்றார். என் மனைவி காப்பி டம்ளரைத் துடைத்தாள். "மாமியாருக்குத்தான் அக்கா. திடீர்னு..." என்றாள்.

நாங்கள் கிளம்பிய அன்றைக்கு ஊரில் கல்லுக்குண்டு மாதிரி இருந்த என் அம்மாவை என் மனைவி அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாகடித்தாள். அம்மா அதற்கப்புறம் வெகுகாலம் இருந்து, இவளோடு ஒழுங்காகச் சண்டை போட்டுவிட்டுத்தான் போனாள். அக்கா அடடா என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நானும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

பிறகு பிள்ளையைப் பற்றிக் கேட்டார். கல்யாணமானது, முழுகாமல் இருப்பது எல்லாவற்றையும் சொன்னோம். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளைக்கு வாந்தி அதிகமா, தலைமுடி அடர்த்தியாக வந்ததா, இன்னும் இடது கன்னத்தின் கீழ் கையைக் கொடுத்துத்தான் தூங்குகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு எங்கள் இருவருக்குமே பதில் தெரியவில்லை. பிறகு அக்கா, "என்னை ஞாபகம் வச்சிருக்காளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லாமயா? எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுத்தான்" என்றாள் என் மனைவி.

நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் பழைய வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. மகளுக்கு இப்படி ஒருத்தர் இருந்ததே தெரியாது. இந்த வீட்டின் பேச்சையே நாங்கள் எடுத்ததில்லை.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியென்றால் உடனே போன் போடு, குரலை ஒருதடவை கேட்டுவிடுகிறேன் என்றார். என் மனைவிக்குக் காது சிவந்தது. அவள் இப்போது தூங்குவாள் என்றாள். மசக்கைக்காரி இந்த நேரத்தில் எங்கே தூங்கப் போகிறாள் என்றார் அக்கா. போனில் சார்ஜ் இல்லை என்றாள். சிக்னல் கிடைக்காது என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏதாவது செய்யுங்கள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

வழக்கமாக நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை. எதிரே இருந்தவர் தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, போனில் முகம் தெரியப் போகிறது என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து முக்காலியின் மேல் வைத்தேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும்.

"அப்பா, அரிசி கெடச்சுதா?" என்றாள் மகள் எடுத்தவுடனே. குரல் நைந்து போயிருந்தது.

"என்ன அரிசி பாப்பா?" என்று அக்கா போனை நோக்கிக் குனிந்தார்.

"யாருப்பா பக்கத்துல?"

அவ்வளவுதான். அக்கா குனிந்தபடியே இருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவர் போல என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி எதையும் துடைக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"நீ கேட்ட சோறு நான் செஞ்சது இல்ல கண்ணு. ஒருநாளும் செஞ்சதில்ல. அரிசிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கீழ்வீட்டுல ஒரு அக்கா இருந்தாங்க. நாங்க வேலைக்குப் போனா அவங்கதான் உன்னைப் பாத்துக்குவாங்க. அவங்க செஞ்சு ஊட்டின சோறு அது. அவங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். அவங்களைப் பத்தி உன்கிட்ட நான் சொன்னதே இல்ல."

  இப்படி ஒரே பேச்சில் என் மனைவி இரண்டு பேரிடமும் மாட்டிக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அக்காதான் பேசினார்.

"அப்படி இல்ல பாப்பா. அது உங்கம்மா ஆக்கின சோறுதான்."

என் மனைவி நிமிர்ந்தாள். அக்கா போனைக் கையில் எடுத்துக்கொண்டு, மெதுவாக, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். உங்கம்மா விடியற்காலையில் தக்காளிச் சோறு ஆக்கிக் கொண்டுவருவாள். மத்தியானம் வருவதற்குள் அது ஆறி விறைத்துப் போகும். நீ தொடமாட்டாய், அம்மா வேண்டும் என்று அழுவாய். எனக்கு என்ன செய்வது என்று தெரியாது. இரும்புச் சட்டியில் நெய் விட்டு அந்தச் சோற்றைக் கொட்டி, கொஞ்சம் வெல்லம் தூவி, அடியில் செக்கச் செவேலென்று முறுகுகிறவரை விட்டுச் சுரண்டி எடுப்பேன். அப்புறமும் லேசில் வாயைத் திறக்கமாட்டாய்.

"அம்மா ஆக்கினது, அம்மா ஆக்கினதுன்னு சொல்லிச் சொல்லித்தான் ஊட்டுவேன். அதைக் கேட்டாத்தான் ஒரு வாய் வாங்குவே. ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டே."

 மகள் அந்தச் சோற்றை நீதானே செய்வாய் என்று கேட்டது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை ஒன்றும் குழப்பிக்கொள்ளவில்லை. தனக்குச் சொல்லி ஊட்டியதைத்தான் நினைவில் வைத்திருந்தாள்.

"ஏம்மா என்கிட்ட இவங்களைப் பத்திச் சொல்லவே இல்ல?" என்றாள் மகள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பதிலுக்கு அக்காவே முந்திக்கொண்டார். மறந்திருப்பாள் பாப்பா, எத்தனை வருஷமாகிவிட்டது, வேலை, குடும்பம் என்று மனுஷருக்கு ஆயிரம் இருக்கும் என்றார். எங்களுக்காகக் காரணம் தேடித் தேடி அவருக்கு அது பழகிப் போயிருந்தது.

"மறக்கலக்கா" என்றாள் என் மனைவி. "பொறாமை. நான் ஆக்கினதை நீங்க குப்பையில கொட்டுறீங்கன்னு நெனச்சேன். அன்னைக்கு மாமியாருக்கும் ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருந்தாங்க. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னுதான் சொல்லாமப் போனோம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை அசைத்தேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து சமையலறை வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். மகளிடம் வெகுநேரம் பேசினார். காலையில் ஆக்கின சோற்றை மத்தியானம்வரை தொடாதே, சூடாக இருந்தால் முறுகாது என்று சொன்னது கேட்டது. காலை நீட்டி உட்கார், வெறும் வயிற்றோடு படுக்காதே என்றார். நடுவில் ஒருதடவை சிரித்தார். மகள் அங்கே என்ன சொன்னாளோ தெரியாது.

பேசி முடித்துவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். கட்டில் பக்கம் போகாமல் அங்கேயே சுவரோரம் தரையில் காலை மடக்கி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய வயது முழுக்க ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தங்கச்சி" என்றார்.

என் மனைவி நாற்காலியை விட்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அக்கா நகர்ந்து இடம் கொடுக்கவில்லை, எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை.